பின்சக்கரம் தரையைத் தொடாமல்: வீட்டுக்கு வாங்கிய சைக்கிள் பழுதுபார்ப்பு ஸ்டாண்ட், ஓராண்டுக்குப் பின்

பழைய கறுப்புச் சைக்கிள்களின் பின்சக்கர அச்சோடு பிணைந்திருந்த இரட்டைக்கால் ஸ்டாண்டை நாம் ஒரு கருவியாக எண்ணியதே இல்லை. கேரியரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால் சைக்கிள் அதன்மேல் ஏறி நிற்கும். பின்சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் தொங்கும். சிறுவர்கள் ஏறி அமர்ந்து, நின்ற இடத்திலேயே ஊரெல்லாம் சுற்றி வருவார்கள். பெரியவர்கள் ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறுகையால் செயினுக்கு எண்ணெய் விடுவார்கள். கியர் சைக்கிள்கள் வந்தபோது அந்த ஸ்டாண்ட் போய், ஒருபக்கம் சாய்த்து நிறுத்தும் சைடு ஸ்டாண்ட் வந்தது. விலை கூடிய சைக்கிள்களில் அதுவும் இல்லை. கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தால்தான் சரியா தவறா என்று தெரியக்கூடிய கியர் அமைப்பு எந்தச் சைக்கிளில் இருக்கிறதோ, அந்தச் சைக்கிளில்தான் பின்சக்கரம் தரையில் ஊன்றி நிற்கிறது என்பது ஒரு வேடிக்கை. இழந்த அந்த வசதியை ஓராண்டுக்கு முன் தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன். அதைப் பற்றிய மதிப்புரை இது.

வாங்கியது, இணையத்தில் பல பெயர்களில் விற்கப்படும் கவ்வி வகை ஸ்டாண்ட். மூன்று கால்கள், ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இரண்டு அலுமினியக் குழாய்கள், மேலே நாலாபுறமும் திருப்பக்கூடிய தலை, அதில் ரப்பர் பதித்த கவ்வி, நடுவில் கருவிகள் வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு ஆகியவை சேர்ந்து 4,600 ரூபாய். 30 கிலோ வரை தாங்கும் என்றும், கவ்வியின் உயரத்தை 105 செ.மீ. முதல் 170 செ.மீ. வரை மாற்றலாம் என்றும் பெட்டியில் அச்சிட்டிருந்தது. என் சைக்கிள் எட்டுப் பல்சக்கரங்கள் கொண்ட பின்கேசட்டும் முன்னால் மூன்று பிளேட்டும் உள்ள சாதாரண ஹைப்ரிட். எடை ஏறக்குறைய 14 கிலோ. சென்னையில் இரண்டாம் மாடியில், நான்கடி அகலப் பால்கனியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செய்யும் வேலை இது. தொழில்முறை மெக்கானிக்கின் தேவைகள் வேறு. அவற்றை மனத்தில் வைத்து நான் எழுதவில்லை.

சைக்கிளைத் தாங்கிப் பிடிப்பதற்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின்டெரெய்லர் எவ்வளவு நுட்பமான அளவில் வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் எட்டு வேகக் கேசட்டில் ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு உள்ள தூரம் 4.8 மி.மீ. ஹேண்டில்பாரில் உள்ள கியர் மாற்றும் ஷிஃப்டரை ஒரு 'கிளிக்' தட்டினால் கேபிள் சுமார் 2.8 மி.மீ. இழுபடும், டெரெய்லர் அதை 1.7 மடங்காக்கிச் செயினை அடுத்த பல்சக்கரத்துக்கு, சுருக்கமாக அடுத்த 'பல்'லுக்கு, நகர்த்தும். கேபிளின் இழுவையைத் திருத்த டெரெய்லரின் பின்னால் உள்ள திருகியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 0.8 மி.மீ. மாற்றம் வரும். ஆகவே நாம் வழக்கமாகச் செய்யும் கால் சுற்று என்பது கேபிளில் 0.2 மி.மீ., டெரெய்லரில் மூன்றில் ஒரு மி.மீ. அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒரு மி.மீ. செயினின் ஓசையில் கேட்கும். பின்னால் நின்று, கண்ணைக் கேசட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பார்வைக்கும் தெரியும். ஆனால் கேட்கவும் பார்க்கவும் வேண்டுமானால் சைக்கிள் அசையாமல் நிற்க வேண்டும், பின்சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும், நம் இரண்டு கைகளும் வேலைக்கு மிஞ்ச வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் சீட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, பெடலைச் சுற்ற ஒரு கை, ஷிஃப்டரைத் தட்ட ஒரு கை என்று மூன்று கைகள் தேவைப்படுகின்றன. திருகியைத் தொட நான்காவது.

நம்மில் பெரும்பாலோர் செய்வது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிற்க வைப்பது. பஞ்சர் ஒட்டவோ கழன்ற செயினை ஏற்றவோ அது போதும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். கியரைத் திருத்துவதற்கு மட்டும் அது உதவாது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஷிஃப்டர்கள் தரையோடு தரையாகப் போய்விடுவதால் அவற்றைத் தட்டக் குனிந்து துழாவ வேண்டும். ஹேண்டில்பாருக்கு முன்னால் வளைந்து வரும் கேபிள் உறை தரையில் அழுந்தி மடங்கும். அந்த மடிப்பு கேபிளின் இழுவையைச் சற்றே மாற்றும். மேலே சொன்ன 0.2 மி.மீ. கணக்கு அங்கேயே பிசகிவிடும். கவிழ்த்து வைத்து அருமையாகச் சரிசெய்த கியர், நிமிர்த்தி ஓட்டத் தொடங்கியதும் 'டிக் டிக்' என்று தட்டுவதை நான் எத்தனையோ முறை என் கைக்குறை என்றே நினைத்திருந்தேன். ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளானால் இன்னொரு தொல்லையும் உண்டு: லீவரின் எண்ணெய்த் தேக்கத்தில் சிறிதளவு காற்று தங்கியிருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் நுழைந்து, பிரேக் பிடிக்கையில் லீவர் பஞ்சுபோல் அமுங்கும்.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் இந்தச் சிக்கலை ஐந்து பைசா செலவில்லாமல் தீர்த்திருக்கிறார். கூரையின் இரும்புக் குழாயிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் முனையிலும் பழைய டியூபைச் சுற்றிய கொக்கி. ஒன்று சீட்டுக்கு அடியிலும் மற்றொன்று ஹேண்டில்பாரிலும் மாட்டிவிட்டால் சைக்கிள் இடுப்பு உயரத்தில் தொங்கும். கோட்டம் எடுப்பது முதல் ஓவராய்லிங் வரை எல்லாம் அதில்தான். நான் ஸ்டாண்ட் வாங்கிய செய்தியைச் சொன்னபோது அவர், "பின்சக்கரம் சும்மா சுத்தணும் தம்பி, அதுக்குக் கயிறு பத்தாதா?" என்று கேட்டார். பத்தும் என்றே நினைக்கிறேன். வாடகை வீட்டுப் பால்கனியின் கூரையில் கொக்கி அடிக்க வீட்டுக்காரர் சம்மதித்திருந்தால் இந்த 4,600 ரூபாய் மிஞ்சியிருக்கும். கயிற்றில் தொங்கும் சைக்கிள், ஸ்பேனரை அழுத்தினால் ஊஞ்சலாடும் என்பது ஒன்றுதான் குறை. அதையும் அவர் முழங்காலால் முட்டுக்கொடுத்துச் சமாளிக்கிறார். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் சைக்கிள் கடை நடத்திய இருவரும் குனிந்து குனிந்து வேலை செய்து சலித்துப்போய்த்தான் தங்களுக்கென்று ஒரு ஸ்டாண்டைச் செய்துகொண்டார்கள். சைக்கிள் கருவிகள் செய்யும், 1963-இல் தொடங்கிய பார்க் டூல் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி ஸ்டாண்டின் பயன்பாட்டுக்கு வருகிறேன். கவ்வ வேண்டிய இடம், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட். சட்டகத்தின் குழாய் அல்ல. இன்றைய அலுமினியச் சட்டகங்களின் குழாய்கள் நடுப்பகுதியில் மெல்லியவை. கவ்வியை இறுக்கினால் நசுங்கும். கார்பன் சட்டகமானால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விழும். நான் முதலில் சீட் போஸ்ட் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வேன். பிறகு போஸ்ட்டை நான்கு விரல் அளவு உயர்த்தி இறுக்குவேன். குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று போஸ்ட்டில் குறித்துள்ள கோடு வெளியே வந்துவிடக் கூடாது. அடுத்ததாக, இதைத்தான் நான் முதல் மாதத்தில் செய்யத் தவறினேன், போஸ்ட்டையும் கவ்வியின் ரப்பரையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்த சைக்கிளின் சீட் போஸ்ட்டில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஒட்டியிருக்கும். கவ்வி அதைப் போஸ்ட்டுக்குள் அழுத்தும். என் போஸ்ட்டின் கறுப்புப் பூச்சில் இப்போது உள்ள பிறை வடிவக் கீறல்கள் அப்படி விழுந்தவை.

சைக்கிளின் இடப்புறம் ஸ்டாண்டும், வலப்புறம் நாமும் இருக்கும்படி கவ்வ வேண்டும். அப்போது செயினும் டெரெய்லரும் நமக்கு நேரெதிரே, தடையின்றி இருக்கும். உயரத்தைக் கேசட் நம் நெஞ்சுக்கு வரும்படி வைத்துக்கொண்டால், குனியாமலே கேசட்டின் பின்னால் கண்ணைக் கொண்டுபோகலாம். இந்த ஒரு மாற்றத்துக்காகவே ஸ்டாண்டுக்கு என் மதிப்பெண்களில் பாதியைக் கொடுப்பேன். ஹேண்டில்பார் என் வலக்கைப் பக்கமும் பின்சக்கரம் இடக்கைப் பக்கமும் இருக்க, வலக்கையால் ஷிஃப்டரை எட்டித் தட்டிவிட்டு, அதே கையைக் கீழே இறக்கிப் பெடலைச் சுற்றுவேன். இடக்கை திருகியிலிருந்து நகராது.

முதல் முறை அப்படி நின்று வேலை செய்தபோது, அதுவரை குருட்டுத்தனமாகத் திருகிக்கொண்டிருந்த திருகுகள் என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்தேன். செயினை மிகச் சிறிய பல்லில் விட்டு, கேபிளைக் கழற்றி, டெரெய்லர் வெளிப்பக்கம் எதுவரை நகரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் வெளி எல்லைத் திருகை அரைச் சுற்றுச் சுற்றினால், டெரெய்லரின் மேல் உருளை சிறிய பல்லுக்கு நேர்கீழே வந்து நிற்பது தெரிகிறது. கவிழ்த்து வைத்த சைக்கிளில் இதையே அண்ணாந்தா குனிந்தா பார்ப்பது என்று தெரியாமல் ஊகித்துக்கொண்டிருந்தேன். கேபிளை மாட்டி ஒரு கிளிக் தட்டிப் பெடலைச் சுற்றினால், செயின் இரண்டாம் பல்லில் ஏறத் தயங்கி, பல்லின் ஓரத்தை உரசி, ஏறாமல் ஓடுகிறது. திருகியை இடஞ்சுழியாகக் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று விட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் தயக்கமில்லாமல் ஏறி அமர்கிறது. அதற்கு மேலும் சுற்றினால் மூன்றாம் பல்லை உரசும் மெல்லிய கரகரப்பு கேட்கிறது. அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கினால் ஓசை அடங்குகிறது. உள் எல்லைத் திருகைச் சரிபார்ப்பதும் சக்கரம் தரையைத் தொடாதபோது மட்டுமே நிம்மதியாக நடக்கும். ஏனெனில் அது தளர்ந்திருந்தால் செயின் பெரிய பல்லைத் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் விழும். அது விழுவதானால், நாம் ஏறி மிதித்துக்கொண்டிருக்கும்போது விழுவதைவிடப் பால்கனியில் கையால் சுற்றும்போது விழுவது நல்லது. முன்பு ஒரு காலை முழுவதையும் விழுங்கிய வேலை இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது.

செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் போதும் என்பதால் அதை ஸ்டாண்ட் இல்லாமலே செய்யலாம். இருந்தால் முதுகு வலிக்காது.

இந்த ஸ்டாண்டால் நேர்ந்த விபத்தையும் எழுதியாக வேண்டும். வாங்கிய மூன்றாம் வாரம், இறுகிப்போன வலப்பெடலைக் கழற்ற நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரைப் போட்டு என் முழு எடையையும் அழுத்தினேன். ஸ்டாண்ட் சாய்ந்தது, சைக்கிள் வலப்புறமாக, அதாவது டெரெய்லர் அடியில் படும்படியாக, மொசைக் தரையில் விழுந்தது. டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு உள்நோக்கி வளைந்துவிட்டது. அது வளைந்தால் எந்தத் திருகியாலும் கியரைச் சரிசெய்ய இயலாது. புது ஹேங்கருக்கு 450 ரூபாயும், அது வந்துசேரப் பத்து நாள் காத்திருப்பும் ஆயின.

பிழை பாதி என்னுடையது. பெடல்களை இறுக்க ஷிமானோ குறிப்பிடும் முறுக்கு 35 முதல் 55 நியூட்டன் மீட்டர் வரை. துருவேறிய பெடலைக் கழற்ற அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். அப்படிப்பட்ட விசையை எந்த மடக்கு ஸ்டாண்டின் மீதும் செலுத்தக் கூடாது. பெடல், கேசட்டின் பூட்டு வளையம், பெடல் கைகளின் அச்சைத் தாங்கும் அடி பேரிங் ஆகியவற்றின் முதல் இளக்கலையும் கடைசி இறுக்கலையும் சைக்கிள் தரையில் நிற்கும்போதோ சக்கரத்தைத் தனியே கழற்றிவைத்தோதான் செய்ய வேண்டும்.

மறுபாதி, விற்றவர்களுடையது. மூன்று கால்களில் எதன்மேல் கவ்வியின் கை நீள வேண்டும் என்பதை அவர்களுடைய படத்தாள் எங்குமே சொல்லவில்லை. நடுக்குழாயிலிருந்து ஒவ்வொரு காலின் நுனியும் 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் நீளும் திசையில் சாய்வதற்கு 60 செ.மீ. இடம் உண்டு, இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள திசையில், நுனிகளை இணைக்கும் கோடு வெறும் 30 செ.மீ. தூரத்திலேயே வந்துவிடும். என் ஸ்டாண்டில் சைக்கிளே நடுக்குழாயிலிருந்து 25 செ.மீ. வெளியே தொங்குகிறது, பெடல் அதற்கும் வெளியே. நான் கவ்வியை இரண்டு கால்களுக்கு நடுவே நீட்டி வைத்திருந்தேன். பார்வைக்கு அதுதான் அகலமாக, பாதுகாப்பாகத் தெரிந்தது. அன்று முதல் கவ்வியின் கையை ஒரு காலுக்கு நேர் மேலே திருப்பிவைத்த பிறகே சைக்கிளைத் தூக்குகிறேன். மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் சுழன்றுவிடாதபடி இடையிலுள்ள பூட்டையும் இருமுறை பார்க்கிறேன்.

குறைகளில் முதலாவது, தலைப்பகுதி. சீட் போஸ்ட்டில் கவ்வும்போது சைக்கிளின் எடை மையம் கவ்விக்குச் சுமார் கால் மீட்டர் முன்னால் இருக்கிறது. 14 கிலோச் சைக்கிளுக்கு அது ஏறத்தாழ 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அதாவது ஒரு பெடலை இறுக்கும் விசை, வேலை நடக்கும் நேரமெல்லாம் தலையின் மேல் இருந்துகொண்டே இருக்கிறது. நல்ல ஸ்டாண்டுகளில் இதைத் தாங்கப் பல் வெட்டிய தட்டுகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். என்னுடையதில் இரண்டு வழுவழுப்பான தட்டுகளின் உராய்வு மட்டுமே. எவ்வளவு இறுக்கினாலும் அரை மணி நேரத்தில் முன்சக்கரம் மெல்லத் தாழ்ந்து, ஹேண்டில்பார் என் தோளைத் தட்டும். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பரை வைத்த பிறகு நழுவல் வெகுவாகக் குறைந்தது. தொழிற்சாலையில் பத்து ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

கருவித் தட்டு ஒரு கண்துடைப்பு. நான்கு எல்-கீகளை வைத்தாலே ஒருபக்கம் சாயும். ஸ்டாண்டின் கால் நுனி ரப்பர்களில் ஒன்று ஆறாம் மாதம் கழன்றது. அதன் இடத்தில் நாற்காலிக் காலுக்குப் போடும் புஷ்ஷைப் போட்டிருக்கிறேன், பொருந்துகிறது. கவ்வியின் ரப்பர்கள் ஓரங்களில் தேயத் தொடங்கியுள்ளன. அவை தனியாகக் கிடைக்குமா என்று விற்றவர்களிடம் எழுதிக் கேட்டதற்கு, புது ஸ்டாண்டுக்கான தள்ளுபடிக் கூப்பனை அனுப்பினார்கள். குழாய்களிலும் கால்களிலும் இதுவரை தளர்ச்சி இல்லை. கடற்காற்றிலும் அலுமினியம் நன்றாகவே இருக்கிறது, எஃகு போல்ட்டுகளின் தலையில் மட்டும் துரு.

மாற்று வழிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்சக்கரத்தின் அருகே சட்டகக் குழாய்களைக் கொக்கியால் பிடித்து, சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தும் சிறு ஸ்டாண்ட் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. நண்பர் ஒருவருடையதை ஒரு மாதம் வைத்திருந்தேன். பழைய இரட்டைக்கால் ஸ்டாண்டின் நேர் வாரிசு அதுதான். ஷிஃப்டர் தன் இடத்திலேயே இருக்கிறது, கேபிள் மடங்குவதில்லை, பின்சக்கரம் சுற்றுகிறது. கியரைத் திருத்த அதுவே போதும். ஆனால் தரையில் குந்தியபடி வேலை செய்ய வேண்டும், டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் சில சைக்கிள்களில் கொக்கிக்கு இடைஞ்சல், முன்சக்கர வேலை எதற்கும் ஆகாது. சீட் போஸ்ட்டைத் தொடாமல், முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கையும் அடி பேரிங் பகுதியையும் தாங்கும் வகை இன்னொன்று. கார்பன் சைக்கிளும், வட்டமாக இல்லாத சீட் போஸ்ட்டும் வைத்திருப்பவர்கள் கவ்வி வகையைப் பார்க்கவே வேண்டாம், அதற்கே போகலாம். விலைதான் பல மடங்கு.

இந்த ஸ்டாண்டுக்கு ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் கியரைத் தொடுபவருக்கு இது தேவையில்லை. கொக்கி ஸ்டாண்டும் உட்கார ஒரு மணைப்பலகையும் போதும். மாதம் ஒருமுறையாவது செயினையும் கேபிளையும் பார்ப்பவர், முழங்கால் வலி உள்ளவர், வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சைக்கிள் வைத்திருப்பவர் வாங்கலாம். வாங்கும்போது கவ்வி எவ்வளவு குறுகுகிறது என்பதை முதலில் பாருங்கள், 27.2 மி.மீ. சீட் போஸ்ட்டைப் பிடிக்க இயலாமல் தடித்த குழாய்களுக்கென்றே செய்த கவ்விகளும் சந்தையில் உண்டு. தலையின் தட்டுகளில் பல் வெட்டியிருக்கிறதா என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் பல் இருந்தால் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம், நான் கொடுத்திருப்பேன்.

ஸ்டாண்டில் சரியாக ஓடும் கியர் சாலையிலும் சரியாக ஓடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கையால் சுற்றும்போது செயினில் இழுவை இல்லை. ஏறி அமர்ந்து மிதிக்கும்போதுதான் அது விறைக்கிறது, புதுக் கேபிளின் உறையும் அப்போதுதான் தன் இடத்தில் படிகிறது. நான் வேலையை முடித்ததும் சைக்கிளை இறக்கி, டேப் ஒட்டிய குறி வரை சீட் போஸ்ட்டைத் தாழ்த்தி, பக்கத்து மேம்பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்குவேன். பெரும்பாலும் திருகியில் இன்னொரு கால் சுற்று தேவைப்படும். அதைப் பாலத்தின் கீழேயே, நின்றபடி விரலால் சுற்றிவிட்டுத் திரும்பி வருவேன். ஸ்டாண்ட் அதற்குள் காலை மடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால், துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.